பார்ஜ்ல வைக்கிற சாட்டிலைட் டப்பா: இனிமே தேவையா, தூக்கிப் போடலாமா?

9 மார்ச் 2025, கேள்வி

அண்ணன்மாரே, எங்க கம்பெனி பார்ஜ் (டக்போட்ங்கற இழுவைப் படகு கட்டி இழுக்குற சரக்கு மிதவை) எல்லாத்துலயும், இரிடியம் சாட்டிலைட் வழியா இருக்கற இடத்தச் சொல்ற பழைய டப்பா ஒண்ணு ஒட்டி வச்சிருக்காங்க. ஒரு நாளைக்கு நாலஞ்சு பொசிஷன் அனுப்புது, மாசாமாசம் பில்லு மட்டும் தவறாம வருது. இப்பதான் ஸ்டார்லிங்க் வந்துடுச்சு, போனே நேரா சாட்டிலைட்டோட பேசுது. ஒரு மெசேஜுக்கு 340 பைட்தான், அதுல என்னத்த அனுப்ப முடியும்? எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுடலாமே?

9 மார்ச், இரவு 10:50

போடு தம்பி, ஆனா அதுக்கு முன்னாடி பார்ஜ்ல கரண்ட் எங்கேர்ந்து வருதுன்னு ஒரு தடவ ஏறிப் பாத்துட்டு வா. இஞ்சின் கிடையாது, ஜென்செட் கிடையாது, ஆளும் கிடையாது. இரும்பும் துருவும்தான். ராத்திரி எரியிற விளக்குக்கே தனியா சோலார் வச்சிருப்பான்.

ஸ்டார்லிங்க்ல இருக்கறதுலயே சின்ன மினி டிஷ்ஷு 25-லேர்ந்து 40 வாட் குடிக்கும். 30-னே வச்சுக்க, ஒரு நாளைக்கு 720 வாட்-அவர், 12 வோல்ட்ல 60 ஆம்பியர்-அவர். லோரி பேட்டரி ஒண்ணு ரெண்டு நாளு தாங்குனா பெரிய விஷயம். உங்க டப்பாக்குள்ள இருக்கற 9603 மாதிரி மோடம் அனுப்புற நொடியில 1.3 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், ஆனா அது கண்ணு சிமிட்டுற நேரம்தான், சராசரி எடுத்தா 5 வோல்ட்ல 150 மில்லி ஆம்பியர் பக்கம். வானம் நல்லா தெரிஞ்சா ஒரு நிமிஷத்துக்குள்ள வேலைய முடிச்சுட்டு தூங்கப் போயிடும். மணிக்கு ஒண்ணுன்னு நாள் பூரா அனுப்புனாலும் மோடத்துக்கு ஒரு வாட்-அவர்கிட்டதான் ஆகும். அதுக்கு உள்ளங்கை சைஸ் பேனல் போதும்.

போன் சாட்டிலைட்டோட பேசுறதா? 2022-ல ஐபோன் 14-ல வந்தது குளோபல்ஸ்டார் வழியா அவசர மெசேஜ். அத கையில பிடிச்சு வானத்தப் பாத்துத் திருப்ப ஒரு மனுஷன் வேணும். உன் பார்ஜ்ல யாரு திருப்புவா?

9 மார்ச், இரவு 11:20

ஒண்ணு விட்டுப்போச்சு. "டக்போட்ல ஏஐஎஸ் (கப்பல் தன் இடத்த ரேடியோவுல சொல்ற கருவி) இருக்கே, அதுல தெரியாதா"ன்னு அடுத்து யாராவது கேப்பீங்க. தெரியும், டக் தெரியும். பார்ஜ் அதுக்குப் பின்னாடி பல நூறு மீட்டர் வயர்ல வருது. வயர் அறுந்தா மேப்புல டக் ஒரு பக்கம் அழகா போயிட்டிருக்கும், பார்ஜ் கடல் நீரோட்டத்தோட இன்னொரு பக்கம் போகும், ஸ்கிரீன்ல ஒரு வித்தியாசமும் இருக்காது.

11 மார்ச்

340 பைட்ல என்னத்தன்னு கேட்டிருந்த. எண்ணிக் காட்டுறேன், கோப்பி ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்.

அட்சரேகைக்கு 3 பைட், தீர்க்கரேகைக்கு 3 பைட். 3 பைட்னா 24 பிட், அதாவது 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல படி. 360 டிகிரிய அத்தனை துண்டா வெட்டுனா நம்ம சிங்கப்பூர் பக்கம் ஒரு துண்டு ரெண்டரை மீட்டர் கூட வராது, பார்ஜு 90 மீட்டர் நீளம் இருக்கு, இதுக்கு மேல துல்லியம் எதுக்கு. நேரத்துக்கு 3 பைட், நிமிஷக் கணக்குல எண்ணுனா 31 வருஷம் ஓடும், பார்ஜுக்கு அவ்ளோ ஆயுசு கிடையாது. பேட்டரிக்கு 1, வேகத்துக்கு 1, திசைக்கு 1, மூடி திறந்துச்சா அசைஞ்சுச்சா சாஞ்சுச்சாங்கற கொடிகளுக்கு 1. மொத்தம் 13. 340-ல 26 தடவ இத அடுக்கலாம். ஆக மணிக்கொரு பொசிஷன்னு ஒரு நாளு பூராவும் ஒரே மெசேஜ்ல அடங்கும், அப்பவும் இடம் மிச்சம்.

அடங்குதுன்னு அப்படிப் பண்ணிடாத. அந்த ஒரு மெசேஜ் மாட்டிக்கிட்டா ஒரு நாளே போச்சு. நாங்க பண்றது, ஒவ்வொரு மெசேஜ்லயும் இப்போதைய பொசிஷன் கூட முன்னாடி ரெண்டு மூணையும் சேத்துத் திணிச்சு அனுப்புறது. பைட் கணக்குல பில் போட்டாலும் குறைஞ்சபட்சம்னு ஒரு அளவு வச்சிருப்பான், 13 பைட் அனுப்புனாலும் அந்தக் குறைஞ்சபட்சத்துக்குத்தான் காசு, காலியா விட்டாலும் அதே காசு, அப்புறம் எதுக்கு காலியா விடணும்?

எங்க ஆபீஸ்ல புதுசா வந்த பையன் ஒருத்தன், நல்ல பையன்தான், இதையே ஜேசன்ல (மனுஷன் படிக்கிற மாதிரி எழுத்தா எழுதுற முறை) அழகா பேரு போட்டு அனுப்பிச்சிருந்தான். லாட்டிட்யூட்னு முழுசா எழுதி, பக்கத்துல தசம புள்ளிக்கப்புறம் ஒரு வால். ஒரு பொசிஷனுக்கு நூறு பைட்டுக்கு மேல. படிக்க நல்லாதான் இருந்துச்சு. பில்லு வந்தப்ப பாஸ் அதையும் படிச்சாரு.

இன்னொண்ணு, ஆபீஸ்லேர்ந்து டப்பாவுக்குக் கீழ்நோக்கி அனுப்ப 270 பைட்தான். எதாவது வந்திருக்கான்னு டப்பா தன்னோட மெசேஜ் பெட்டியத் திறந்து பாக்கறதுக்கே காசு பிடிக்கிற பிளான் இருக்கு, சும்மா சும்மா செக் பண்ற மாதிரி செட்டிங் இருந்தா முதல்ல அத நிறுத்து.

12 மார்ச்

ஜிபிஎஸ் பொசிஷன் ஏன் சில நேரம் குதிக்குதுன்னு கேட்டவருக்கு: ஜிபிஎஸ் 1575.42 மெகாஹெர்ட்ஸ், இரிடியம் 1616-லேர்ந்து 1626.5. பக்கத்து வீடு மாதிரி. ஒரே டப்பால ரெண்டு ஆன்டெனாவும் ஒட்டி இருந்தா, மோடம் கத்தும்போது ஜிபிஎஸ் காது அடைச்சிடும். முதல்ல பொசிஷன எடு, ஜிபிஎஸ்ஸ அணை, அப்புறம் மோடத்த எழுப்பு. நல்ல டப்பா தானா இப்படித்தான் செய்யும்.

16 மார்ச், ஞாயிறு

இன்னிக்கு லீவு, பொறுமையா எழுதுறேன். "மெசேஜ் வரலன்னா டிராக்கர் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா"ன்னு ஒரு அக்கா கேட்டிருந்தாங்க, பார்ஜ் ஆப்பரேஷன்ஸ்ல இருக்காங்க போல. இந்த வேலையில இதுக்கு மேல முக்கியமான கேள்வி எனக்குத் தெரிஞ்சு இல்ல. பொசிஷன் வந்துட்டிருந்தா யாரும் ஸ்கிரீனப் பாக்கறதே இல்ல. வீட்ல சின்னப்புள்ள சத்தமே போடலன்னாதான எந்திரிச்சுப் போய் எட்டிப் பாப்போம், அதேதான் இங்கயும்.

ஆனா பெரும்பாலான கம்பெனில அந்த மௌனத்தப் படிக்க முடியாத மாதிரி செட் பண்ணி வச்சிருப்பாங்க. "நகர்ந்தா மட்டும் அனுப்பு"ன்னு போட்டிருப்பான். காசு மிச்சம்னு விக்கிறவன் சொல்லுவான், கேக்கறவரும் தலையாட்டுவாரு. பார்ஜ் இந்தோனேசியாவோட பாத்தாம் தீவுல நங்கூரம் போட்டு மாசக்கணக்குல கிடக்கும். நகரல, அதனால அனுப்பல. அல்லது செத்துப்போச்சு, அதனால அனுப்பல. ஆபீஸ்லேர்ந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். நகரலன்னாலும் ஒரு நாளைக்கு ரெண்டு தடவையாவது "இருக்கேன்"னு சொல்ல வை. அந்த ரெண்டு மெசேஜுக்கு ஆகற காசுதான் இந்த மொத்த செட்டப்புலயும் உருப்படியா செலவாகிற காசு.

அடுத்தது நம்பர். இரிடியம்ல ஒவ்வொரு மெசேஜுக்கும் மோடமே ஒரு வரிசை நம்பர் போடும், எம்ஓஎம்எஸ்என்னு வரும், 65535 வரைக்கும் போயி திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். மெசேஜ் போய்ச் சேந்துச்சுன்னு சாட்டிலைட் பக்கத்துலேர்ந்து உறுதி வந்தாதான் நம்பர் ஏறும். இப்ப உங்ககிட்ட 410 வந்துச்சு, ஆறு மணி நேரம் ஒண்ணும் இல்ல, அப்புறம் 411 வந்துச்சுன்னா, நடுவுல டப்பாவால மேல பேச முடியல. ஆன்டெனாவ எதுவோ மறைச்சிருக்கு, இல்ல பேட்டரி. 410-க்கு அப்புறம் 416 வந்துச்சுன்னா டப்பா ஒழுங்கா பேசிட்டுதான் இருந்திருக்கு. மெசேஜ் அரிசோனால டெம்பியில இருக்கற இரிடியத்தோட கேட்வே, அதாவது தரை நிலையம் வரைக்கும் போயிருக்கு, அங்கேர்ந்து உங்க ஆபீசுக்குள்ள தொலைஞ்சிருக்கு. மெயில்ல வாங்குறவங்களுக்கு இது அடிக்கடி நடக்கும், ஸ்பாம் போல்டர்ல போய் பாருங்க, உங்க பார்ஜ் அங்க கிடக்கும்.

இது தெரியாம ஆப்பரேஷன்ஸ் ஆளு என்ன பண்ணுவாரு, மேப்புல புள்ளி சிவப்பானதும் ராத்திரி ரெண்டு மணிக்கு டக் கேப்டனுக்கு போன். கேப்டன் இந்தோனேசியாக்காரர், தூக்கத்துல எந்திரிச்சு லைட் அடிச்சுப் பாத்துட்டு "அமான், பாக், அமான்"னு (பத்திரமா இருக்கு சார்னு) சொல்லிட்டு திரும்பப் படுத்துக்குவாரு. பத்து தடவ இப்படி ஆனா பதினோராவது தடவ அவரு லைட் அடிக்காமலே அமான்னு சொல்லுவாரு. நானா இருந்தாலும் அதான் செய்வேன்.

16 மார்ச், கொஞ்ச நேரம் கழிச்சு

மெயில்ல வாங்குறவங்களுக்கு இன்னொரு விஷயம். அந்த மெயில்லயே யூனிட் லொகேஷன்னு ஒரு வரி இருக்கும், பக்கத்துல கிலோமீட்டர்ல ஒரு ஆரம். அது ஜிபிஎஸ் இல்ல, சாட்டிலைட்டே குத்துமதிப்பா கணக்குப் போட்டது. பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும், சாதாரண நாள்ல பிரயோஜனம் இல்ல. ஆனா ஜிபிஎஸ் ஆன்டெனா உடைஞ்சு பொசிஷன் எல்லாம் பூஜ்யமா வர அன்னிக்கு, பார்ஜ் இந்தோனேசியால ரியாவ் பக்கமா களிமந்தான் பக்கமான்னு சொல்ல இது போதும்.

19 மார்ச்

"66 சாட்டிலைட் இருக்கு, எப்பவும் ஒண்ணு தலைக்கு மேல இருக்கும்னு சேல்ஸ்மேன் சொன்னாரு"ன்னு எழுதியிருக்கீங்க. இருக்கும், ஆனா தலைக்கு மேலதான் இருக்கும்னு இல்ல. சேல்ஸ்மேன் காட்டுற படத்துல பூமிய வடக்கேர்ந்து பாத்த மாதிரி வரைஞ்சிருப்பான்.

66 சாட்டிலைட்டும் 780 கிலோமீட்டர் உயரத்துல 6 வரிசை, வரிசைக்கு 11. எல்லாம் துருவத்த ஒட்டி வடக்கு தெற்கா ஓடுது. அதனால துருவத்துல வரிசையெல்லாம் நெருங்கி கூட்டமா இருக்கும், பூமத்திய ரேகைக்கிட்ட வரும்போது விரிஞ்சு போகும். நாம இருக்கறது 1 டிகிரி 17 நிமிஷத்துல. இங்க ஒரு வரிசைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 31 டிகிரிக்கு மேல, கிட்டத்தட்ட 3,500 கிலோமீட்டர். பூமி சுத்துறதால ஏறக்குறைய ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வரிசை நம்ம தலைக்கு மேல வரும். அதுக்கு நடுப்பட்ட நேரத்துல பக்கத்துல இருக்கற சாட்டிலைட் கிழக்கிலயோ மேற்கிலயோ அடிவானத்துலேர்ந்து 15 டிகிரி உயரத்துலதான் நிக்கும், சில நேரம் அதுக்கும் கீழ.

நடுக்கடல்ல 15 டிகிரி பெரிய பிரச்சனையே இல்ல. பார்ஜ் பெரிய கப்பல் பக்கத்துல கட்டிக் கிடந்தா? கப்பலோட சைடு சுவரே பத்து பதினஞ்சு மீட்டர். கன்டெய்னர் அடுக்குக்கு நடுவுல டப்பா இருந்தா? அப்ப ஒரு மெசேஜ் போகும், அடுத்தது போகாது, அதுக்கடுத்தது போகும். டப்பா சரியில்லன்னு கழட்டிட்டு வந்து சிங்கப்பூர் பென்ஜூரு யார்டுல வெட்டவெளியில வச்சு டெஸ்ட் பண்ணா சூப்பரா வேலை செய்யும். திரும்பக் கொண்டுபோய் மாட்டுவாங்க, திரும்பப் போகாது. இந்தக் கூத்து பாத்தவங்க நிறைய பேரு இந்தப் பக்கத்துலயே இருப்பீங்க.

இதுக்கு செட்டிங்லயே மருந்து இருக்கு. போகலன்னா உடனே உடனே தட்டாம, கொஞ்சம் விட்டு விட்டு அரை மணி நேரம் வரைக்கும் முயற்சி பண்ணச் சொல்லு. வானம் நகர்ந்துட்டே இருக்கு, பொறுத்தா ஒண்ணு இடுக்குல தலை காட்டும். உடனே உடனே தட்டுனா பேட்டரிதான் காலியாகும்.

19 மார்ச், இரவு

இரிடியம் மாதிரியே சின்ன மெசேஜ் அனுப்புற இன்னொரு சாட்டிலைட் கம்பெனி, ஆர்ப்காம் பத்தியும் கேட்டாங்க. அது விஎச்எஃப், கீழ வரது 137-138 மெகாஹெர்ட்ஸ், மேல போறது 148-150. இரிடியம் மாதிரி சாட்டிலைட்டுக்கு சாட்டிலைட் கை மாத்தி விடாது. தரையில கேட்வே தெரியுற இடத்துல இருந்தா உடனே இறக்கும், இல்லன்னா வாங்கி வச்சுக்கிட்டு கேட்வே வரும்போது இறக்கும். கன்டெய்னர், டிரெய்லர், கனரக மெஷின்னு அவசரம் இல்லாத சாமானுக்கு அது நல்லாவே ஓடுச்சு. ஆனா அவங்க ஓஜி2ங்கற ரெண்டாம் தலைமுறை சாட்டிலைட் சாய்வு 47 டிகிரி, அப்படின்னா அந்த 47 டிகிரி பக்கம்தான் அதிக நேரம் சுத்தும், அமெரிக்கா ஐரோப்பாவுக்கு வாகா. நம்ம தலைக்கு மேல வரும்போது வேகவேகமா கடந்து போயிடும்.

ஒரு கொசுறு. ஓஜி2 ரெண்டாவது செட்டு, 11 சாட்டிலைட், 2015 டிசம்பர்ல ஃபால்கன் 9-ல போச்சு. ஃபால்கன் 9-ஓட கீழ்ப்பகுதி முதல் தடவையா திரும்பி வந்து தரையில நேரா இறங்குச்சே, அந்த ராக்கெட்தான். வீடியோவ உலகமே பாத்துச்சு, உள்ள ஏத்திட்டுப் போனது நம்மள மாதிரி ஆளுங்களோட கன்டெய்னர் டப்பாவுக்கான சாட்டிலைட்னு யாருக்கும் தெரியாது. அதே டிசம்பர் 16-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாலேர்ந்து பிஎஸ்எல்வி சி29-ல சிங்கப்பூரோட 6 சாட்டிலைட் போச்சு. அதுல பெருசு டெலியோஸ்-1, படம் எடுக்கற சாட்டிலைட், 550 கிலோமீட்டர்ல 15 டிகிரி சாய்வுல விட்டாங்க. பூமத்திய ரேகை நாட்டுக்கு வேணுங்கற மாதிரி விட்டா எப்படி விடணும்னு அதுலயே தெரியும். நம்ம தலைய அடிக்கடி சுத்தி வரும்.

24 மார்ச்

சாயங்காலம் ஏழரை எட்டுக்கு மேல மெசேஜ் விட்டு விட்டு வருதுன்னு ரெண்டு பேரு எழுதியிருக்கீங்க, எங்க டேஷ்போர்டுலயும் அதே கதைதான். எங்க சூப்பர்வைசர் மழைம்பாரு. மழை இல்லாத அன்னிக்கும் மழைம்பாரு. ஜொகூர்ல மச்சான் வீட்டு டிவி டிஷ் மழை வந்தா படம் நின்னுடும், அதப் பாத்து வந்த நம்பிக்கை. டிவி டிஷ் கேயூ பேண்ட், அத மழைத்துளி முழுங்கும். இரிடியம் எல் பேண்ட், அலைநீளம் 18 சென்டிமீட்டர் பக்கம், மழை அத ஒண்ணும் பண்ணாது. சுமத்ரா காத்து அடிச்சு கண்ணு தெரியாம ஊத்துற நேரத்துலயும் பொசிஷன் வந்துட்டுதான் இருக்கும்.

இது வேற ஆளு. பூமத்திய ரேகைப் பக்கம் சூரியன் சாஞ்சதும் மேல அயனோஸ்பியர்ல (காத்து மண்டலத்துக்கு மேல மின்னேறிக் கிடக்கற அடுக்கு) குமிழி குமிழியா ஓட்டை விழும், அதுக்குள்ள வர சிக்னல் மினுக் மினுக்குனு ஏறி இறங்கும். நட்சத்திரம் மினுக்கற அதே கதைதான், இங்க ரேடியோ அலை மினுக்குது. பகலும் ராத்திரியும் சமமா இருக்கற மாசங்கள்ல, மார்ச் ஏப்ரல் அப்புறம் செப்டம்பர் அக்டோபர், நம்ம பக்கம் தூக்கலா இருக்கும். சூரியனோட 11 வருஷச் சுத்துல உச்சத்துல இருந்தா இன்னும் மோசம், அந்த உச்சக் காலம் வந்துடுச்சுன்னு 2024 அக்டோபர்ல நாசாவும் அமெரிக்க வானிலை அமைப்பு நோவாவும் சேர்ந்தே அறிவிச்சாங்க. நடுராத்திரிக்கு அப்புறம் தானா அடங்கிடும். அலைவரிசை குறைய குறைய அடி ஜாஸ்தி, அதனால விஎச்எஃப் டப்பா வச்சிருக்கவங்களுக்கு எங்களவிட தலைவலி. ஜிபிஎஸ்ஸும் இதுல தடுமாறும்.

செய்ய வேண்டியது ஒண்ணுதான். "இருக்கேன்" மெசேஜ சாயங்காலம் எட்டு மணிக்கு வைக்காதீங்க. காலையில ஆறு, மத்தியானம் ரெண்டுன்னு வைங்க. எட்டு மணின்னு வைக்கறது ஆபீஸ் ஷிப்ட் மாறுற நேரத்துக்காக, வானத்துக்கு உங்க ஷிப்ட் தெரியாது.

2 ஏப்ரல்

பெருநாள் லீவு முடிஞ்சு வந்து பாத்தா ஊருக்கு எடுத்துட்டுப் போலாமான்னு ஒரு தம்பி கேட்டிருக்காரு. "மலை ஏறப் போறேன், கார்மின் இன்ரீச் சாட்டிலைட் மெசேஜ் டப்பா பையில இருந்தா சென்னையில ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?"

எடுத்துட்டுப் போகாத. அது இரிடியம். இந்தியாவுல டெலிகாம் துறை அனுமதி இல்லாம சாட்டிலைட் கருவி வச்சிருந்தா குத்தம், இரிடியம், இன்னொரு சாட்டிலைட் போன் கம்பெனியான துராயா ரெண்டுமே. போன் மாதிரி இல்லையே, சின்ன ஆரஞ்சு டப்பாதானேன்னு நினைச்சுப் போன வெளிநாட்டுக்காரங்கள ஏர்போர்ட்லயே நிறுத்தி கேஸ் போட்ட செய்தியெல்லாம் வந்திருக்கு. டெஸ்ட் பண்ணக் கொண்டு போற டிராக்கருக்கும் அதேதான். எங்க ஆளுங்ககிட்ட நான் சொல்றது, லீவுல போறப்ப டூல் பேக்க ஒரு தடவ கவுத்துப் பாத்துட்டுப் போங்கன்னு. இந்தோனேசியா பக்கம் வேற மாதிரி, அங்க கருவிக்கு ரக அனுமதி வாங்கியிருக்கான்னு கேப்பாங்க, டப்பா வித்தவன்கிட்ட பேப்பர் இருக்கணும்.

3 ஏப்ரல்

அதுக்குக் கீழ ஒருத்தர் கோவமா எழுதியிருக்காரு, "அப்ப நம்ம மீனவங்க மட்டும் சாகணுமா"ன்னு. கோவம் நியாயம்தான். எங்க யார்டுல வெல்டிங் பாக்கற அண்ணன் தூத்தூர் பக்கம், ஆழ்கடல் போற குடும்பம். 2017 நவம்பர் கடைசியில ஒக்கி வந்தப்ப கரையில எச்சரிக்கை சொன்னாங்க, போட்டெல்லாம் அதுக்கு முன்னாடியே பல நாள் தூரத்துல இருந்துச்சு. செல்போன் டவர் எட்டாது, விஎச்எஃப் செட்டும் எட்டாது. அவரு அதப் பத்தி ரொம்பப் பேசமாட்டாரு, டிராக்கர் மாட்டுற வேலைன்னா மட்டும் தானா வந்து ஏணி பிடிப்பாரு.

ஒக்கிக்கு அப்புறம் இஸ்ரோ பக்கத்துலேர்ந்து வேலை நடந்துச்சு. முதல்ல இந்தியாவோட ஜிபிஎஸ் மாதிரியான நேவிக் வழியா எச்சரிக்கை மட்டும் வாங்குற செட்டு, ஒருவழி. பிறகு ரெண்டு பக்கமும் பேசுற டிரான்ஸ்பாண்டர், ஜிசாட்-6 வழியா, 1 லட்சம் போட்டுக்கு 364 கோடி ரூபாய் திட்டம்னு 2024 ஆகஸ்ட்ல தொடங்கி வச்சாங்க. அது தாழ்வான சுத்துப்பாதை இல்ல, 36,000 கிலோமீட்டர்ல ஒரே இடத்துல நிக்கறது. மெசேஜ் சின்னதுதான். "புயல் வருது திரும்பு"ன்னு சொல்ல எத்தனை பைட் வேணும்?

8 ஏப்ரல்

ஒரே இடத்துல நிக்கற சாட்டிலைட்டுன்னு எழுதுனதும் ஒருத்தர் மடக்கிட்டாரு: "அப்ப அதுவே போதுமே, எதுக்கு ஓடுற சாட்டிலைட்டு?"

யோசிச்சுப் பாத்தா அவரு சொல்றதுல பாதி சரி. ஐரோப்பால இருக்கறவன் எழுதுறதப் படிச்சுட்டு நாமளும் நிக்கற சாட்டிலைட் மட்டம்னு பேசிட்டிருக்கோம். அவனுக்கு அது அடிவானத்துல கிடக்கும், மலை மறைக்கும். நமக்கு அதெல்லாம் பூமத்திய ரேகைக்கு நேர் மேல, நல்ல உயரத்துல தெரியும். வெட்டவெளியில நிக்கற ஜெனரேட்டர், பைப்லைன் வால்வு, சின்னத் தீவுல இருக்கற தண்ணி டேங்க்னா நான் நிக்கற சாட்டிலைட்டையே எடுப்பேன். இப்ப 3ஜிபிபி ரிலீஸ் 17-ங்கற செல்போன் தரவிதி வந்ததுக்கு அப்புறம் சாதாரண செல்போன் ரக சிப்பே சாட்டிலைட்டோட பேசுது, டப்பா விலையும் இறங்கும்.

ஆனா பார்ஜ் திரும்பும். கிரேன் பூம் ஒண்ணு அந்தத் திசைய மறைச்சா, மறைச்சதுதான், பூம் நகர்ற வரைக்கும் காத்திருக்கணும். ஓடுற சாட்டிலைட்டுன்னா அது நகர்ந்து வரும். இவ்ளோதான் வித்தியாசம், இதுக்கு மேல ரெண்டு கட்சி கட்டி சண்டை போடத் தேவையில்ல.

15 ஏப்ரல்

புத்தாண்டு வடை பாயாசம் எல்லாம் ஆச்சா. மலிவா சாட்டிலைட் டேட்டா குடுத்த ஸ்வார்ம் கம்பெனி பத்தி ஏன் யாரும் பேசலன்னு கேள்வி வந்திருக்கு. பேச ஆள் இல்லாம இல்ல, சேவைதான் இல்ல. 2018 ஜனவரில பிஎஸ்எல்வி சி40-ல நாலு குட்டி சாட்டிலைட்ட அமெரிக்க தகவல்தொடர்பு ஆணையம் எஃப்சிசி அனுமதி இல்லாமலே ஏத்தி விட்டுட்டாங்க. ரொம்ப சின்னது, ரேடார்ல கண்ணுக்குத் தெரியாம போயிடும்னு எஃப்சிசி வேண்டாம்னு சொன்னதத்தான் ஏத்துனாங்க. 9 லட்சம் டாலர் அபராதம். அதுக்கப்புறம் ஒழுங்கா அனுமதி வாங்கி, மாசம் 5 டாலருக்கு டேட்டா குடுத்தாங்க, அந்த விலைக்கு எல்லாரும் விழுந்தாங்க, நானும் ஆசையா பாத்தேன். 2021-ல ஸ்பேஸ்எக்ஸ் வாங்குச்சு. 2023-ல புது டிவைஸ் விக்கறத நிறுத்துனாங்க, பிறகு சேவையே நின்னுடுச்சு. சாமான் மாட்டுனவன் எல்லாம் திரும்ப ஏணி தூக்கிட்டுப் போகணும்.

பார்ஜ்ல ஏறி ஒரு டப்பாவ மாத்துறதுன்னா போட் வாடகை, பெர்மிட், சேஃப்டி ஆளு, ரெண்டு டெக்னீஷியன். மாச பில்ல பாத்து கணக்குப் போடறவங்க இத சேத்துக்கறதே இல்ல. இரிடியமும் 1999-ல திவால் ஆன கம்பெனிதான், சாட்டிலைட்ட எரிச்சுடலாம்னு கூட பேச்சு இருந்துச்சு, ஆனா தப்பிச்சு 2017-19-ல மொத்த சாட்டிலைட்டையும் புதுசா மாத்தி, பழைய மோடமும் அப்படியே வேலை செய்யற மாதிரி வச்சான் பாரு, அதுக்குத்தான் நான் அந்தக் கூடுதல் காச குடுக்கறேன்.

நம்ம சிங்கப்பூர்லயும் சின்ன டேட்டா சாட்டிலைட் முயற்சி நடக்குது. 2023 ஜூலை 30 பிஎஸ்எல்வி சி56-ல போன சிங்கப்பூர் சாட்டிலைட்ல நுஸ்பேஸ் கம்பெனியோட நுலியோன் ஒண்ணு, இந்த மாதிரி சின்ன டேட்டாவுக்குன்னே. பாக்கலாம், இங்கேர்ந்தே ஒருத்தன் நம்ம அட்சரேகைக்கு ஏத்த மாதிரி கூட்டமா விட்டா முதல் ஆளா வாங்கறேன்.

22 ஏப்ரல்

எங்க மாட்டுறதுன்னு கேட்டவங்களுக்கு, சுருக்கமா. முன்பக்கம் கயிறு கட்டுற பொல்லார்டு மேல வேணாம், டக் வயர் போடறப்ப ஆளுங்க உதைச்சிடுவாங்க. சாமான் கொட்டுற நடுப்பகுதி வேணாம், நிலக்கரி குவிச்சா டப்பாவோட வானமே போயிடும், நிலக்கரி அள்ளுற கிரேன் கிராப் பட்டா டப்பாவே போயிடும். பின்பக்க கம்பத்துல, ஆள் உயரத்துக்கு மேல, விளக்குக் கம்பத்த விட்டுக் கொஞ்சம் தள்ளி. காந்தம் மட்டும் நம்பாத, பெயின்ட் மேல ஒட்டுன காந்தம் துரு உரியும்போது அதோட சேந்து விழும். போல்ட் போடு, சிக்காஃப்ளெக்ஸ் சீலன்ட் பசை தடவு.

பேனல சாய்ச்சு மாட்டு. நம்ம ஊர் சூரியனுக்கு படுக்க வச்சாதான் நல்லதுன்னு புத்தகம் சொல்லும், ஆனா படுக்க வச்சா கடல் பறவை உக்காரும். உக்காந்துட்டு சும்மா போகாது. சமீபத்துல கழட்டிப் பாத்த ஒண்ணுல வெள்ளையா காஞ்சு ஓடு மாதிரி ஒட்டியிருந்துச்சு, அதுக்கு மேல உப்பு, அதுக்கும் மேல கரித்தூள், நகத்தால சுரண்டுனா அடுக்கடுக்கா வந்துச்சு. அடியில பேனல் புதுசு மாதிரி இருந்துச்சு. வோல்டேஜ் சார்ட்ட எடுத்துப் பாத்தா மூணு மாசமா நாளுக்கு நாள் சரிஞ்சுட்டே வந்திருக்கு, அதுக்காகத்தான் அந்த 1 பைட்ட பேட்டரிக்கு ஒதுக்குறது, ஆனா அத யாரும் பாக்கல, மேப்புல புள்ளி பச்சையா இருந்தா போதும் எல்லாருக்கும்.

அப்புறம் பழைய இரும்பு ஏத்துற பார்ஜ் வச்சிருக்கவங்க, சிங்கப்பூர் நீரிணைல சாம்பான்ங்கற சின்னப் படகுல வந்து ஏறி இரும்பத் தூக்கிட்டுப் போறது, கடற்கொள்ளையக் கண்காணிக்கற ரீகாப் அறிக்கைல திரும்பத் திரும்ப வருது. டப்பா பளபளன்னு வெள்ளையா இருந்தா அதையும் சேத்துத் தூக்கிடுவான். மேல கம்பத்துக்கு அடிச்ச அதே பெயின்ட்ட சைடுல மட்டும் அடிங்க. மேல்மூடிய தொடாதீங்க, சில பெயின்ட்ல உலோகத்தூள் இருக்கும், ஆன்டெனா குருடாயிடும்.

26 ஏப்ரல்

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்காரு. டப்பாவ வச்சுக்கறதாம், ஆனா புதுசா வாங்காம ஆன்லைன்ல யாரோ விக்கிற செகண்ட் ஹேண்ட் மோடம் வாங்கலாமான்னு பாஸ் கேக்கறாராம்.

வாங்கலாம். காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஐஎம்இஐ நம்பர வாங்கி, உங்களுக்கு சாட்டிலைட் கனெக்‌ஷன் குடுக்கற ஏர்டைம் ஆளுகிட்ட குடுத்து, அது பழைய கணக்குலேர்ந்து விடுபட்டிருக்கான்னு கேளுங்க. பழைய ஓனர் இன்னொரு ஏர்டைம் கம்பெனி கணக்குல விட்டு வச்சிருந்தா, அவங்க விடுவிக்கற வரைக்கும் உங்களால ஆக்டிவேட் பண்ண முடியாது, அவங்க பில்லு பாக்கின்னு பிடிச்சு வச்சிருந்தா நீங்க ஒண்ணும் பண்ண முடியாது. அப்புறம் ஆன்டெனா கனெக்டர லென்ஸ் வச்சுப் பாருங்க, பச்சை பூத்திருந்தா பேரம் பேசாம விட்டுடுங்க.